நடு அறை யாருக்கு?

அவள் மறுமணம் செய்துகொண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டிலிருந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே இதுவரை ஒரு சண்டைகூட வந்ததில்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

அவள் லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரிசெய்வதும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பத்திரமாக வெளியே எடுப்பதும் அவள் பிழைப்பு. கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் அவளை ‘மெக்கானிக்கம்மா’ என்பார். அவள் அவரை ‘மாத்திரை’ என்பாள். அவள் முதல் கணவனோடு ஒத்துவராமல் பிரிந்து பல காலமாகிவிட்டது. அவருடைய முதல் மனைவி நோயில் படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு மகள், அவருக்கு ஒரு மகள். வயதில் மூத்தது அவளுடைய மகள். அதனால் அந்தப் பெண் பெரியவள், அவருடைய மகள் சின்னவள் என்றாகிவிட்டது.

அவள் முன்பே குடியிருந்த வாடகை வீட்டில் பெண்கள் இருவருக்கும் ஒரே அறை. அந்த அறையில் அவர்கள் காத்திருப்புக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி கிடைத்த பயணிகளைப் போலப் பழகினார்கள்.

“விளக்கை அணைக்கட்டுமா?” என்பாள் பெரியவள்.

“உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிக்கா,” என்பாள் சின்னவள்.

பதின்மூன்று வயசுப் பெண் பதினைந்து வயசுப் பெண்ணை ‘நீங்க’ என்கிறாள்! இதற்கு இருவரும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்து இழுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் மெக்கானிக்கம்மா.

இந்த நிலையில்தான் சொந்த வீடு பார்க்கத் தொடங்கினார்கள். தரகர் காட்டிய வீடுகளில் பாதியை வாசலிலேயே கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கைக்கு எட்டும் விலையில் இரண்டு தேறின. இரண்டிலும் ஓட்டை.

முதல் வீட்டுக்கு மாத்திரை வைத்த பெயர் ‘ரயில்பெட்டி’. மூன்று படுக்கையறைகள், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக. கடைசி அறைக்குப் போக வேண்டுமென்றால் நடு அறைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். வேறு வழியே கிடையாது. கடைசி அறையில் அகலமான ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே கிளை பரப்பிய ஒரு மரமும் இருந்தன. நடு அறையில் ஜன்னலே இல்லை. எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள், அவ்வளவுதான். கட்டியவன் கடைசி நேரத்தில் ஓர் அறையை மறந்துபோய் நடுவில் செருகிவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது வீடு கெட்டியான சுவர், பெரிய சமையலறை, பின்னால் துணி உலர்த்தக் கொஞ்சம் இடம் என்று லட்சணமாக இருந்தது. ஆனால் இரண்டே அறைகள். பக்கத்து மனையில் மரம் அறுக்கும் மில். அதனால் அதற்கு ‘அறுவை வீடு’ என்று பெயர் வைத்துவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மாத்திரை. வேறு யாரும் சிரிக்கவில்லை.

இருந்தும் அவர் மனசு அந்த வீட்டின்மேல்தான் விழுந்திருந்தது.

“அந்தப் பெரிய ரூமைப் பார்த்தியா? ரெண்டு கட்டில் போட்டாலும் நடுவுல ஓடி விளையாடலாம். ஒரே ரூம்ல இருந்தாத்தான் ரெண்டும் அக்கா தங்கச்சியா ஒட்டும்.”

“இப்பவும் ஒரே ரூம்லதான் இருக்காங்க. ஒட்டிச்சா?”

“இது சின்ன ரூம். மூச்சு முட்டுது, அதான்.”

“எல்லாருக்கும் சாத்திக்க ஒரு கதவு வேணுங்க. கதவு இருந்தாத்தான் திறக்கணும்னு தோணும். ரயில்பெட்டிதான் சரி.”

“சரி, அப்போ நடு ரூம் யாருக்கு?”

அந்த முடிச்சுதான் அவிழவில்லை. பெண்களைக் கேட்டால் பெரியவள், “எனக்கு நடு ரூம் ஓகேம்மா” என்றாள். சின்னவள், “இல்ல சித்தி, அக்காவுக்குப் படிக்கணும், நான் நடுவுல இருந்துக்கிறேன்” என்றாள். கேட்கக் கேட்க இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார்கள். இரண்டு முகத்திலும் சந்தோஷம் மருந்துக்குக்கூட இல்லை.

தரகர் அறுவை வீட்டை ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே காட்டினார் என்பதைக் கண்டுபிடித்தவள் மெக்கானிக்கம்மாதான். ஞாயிறு மில்லுக்கு விடுமுறை.

“வேலை நாள்ல ஒரு தடவை பார்க்கணும்,” என்றாள்.

தரகர் தலையைச் சொறிந்தார். “சத்தம் பெருசா ஒண்ணும் இருக்காதுங்க. பழகிட்டா தாலாட்டு மாதிரி.”

அந்தத் தாலாட்டைக் கேட்க, பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நால்வரும் போனார்கள். தெரு முனையிலேயே சத்தம் பல்லைக் கூச வைத்தது. மரத்துக்குள் ரம்பம் இறங்கும்போதெல்லாம் யாரோ பெரிய துணியை இழுத்துக் கிழிக்கிற மாதிரி இருந்தது. சமையலறை மேடைமேல் மஞ்சளாக மரத்தூள் படிந்திருந்தது. தரகர் அதைச் சட்டைக் கையால் ரகசியமாகத் துடைத்துவிட்டு, “நல்ல காத்தோட்டமான வீடு,” என்று கத்தினார். கத்தினால்தான் கேட்டது.

சின்னவள் கண்ணில் தூசு விழுந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடப் பெரியவளும் பின்னாலேயே போனாள். சற்று நேரத்தில் எங்கோ ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அந்த இரைச்சலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாத்திரை தரகரோடு பின்பக்கம் போய்விட்டார். மெக்கானிக்கம்மா ஓர் ஓரமாக நின்று மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ரம்பம் நின்றது. மில்லில் டீ குடிக்கும் நேரம் போலிருக்கிறது. அந்த நிசப்தத்தில்தான் அவளுக்குக் குளியலறைக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தாள். ஈரத்தில் உப்பிப்போன கதவு சட்டத்துக்குள் இறுகியிருந்தது. உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்திருக்க வேண்டும். அவளுக்கு இது சுண்டைக்காய் வேலை. காரிலிருந்து டூல்ஸ் பையை எடுத்து வந்து, கதவருகே மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். ‘நான் வந்துட்டேன், பயப்படாதீங்க’ என்று சொல்ல வேண்டும். அது அவள் தொழிலின் முதல் பாடம். ஒருநாளும் அதில் அவள் தவறியதில்லை.

இன்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

“நீ பிடிச்சு இழுத்ததாலதான் உடைஞ்சுச்சு!” என்று உள்ளே சின்னவள் கத்தினாள்.

நீ! மெக்கானிக்கம்மாவுக்குக் காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது.

“நானா? கதவைச் சாத்தினது யாரு?”

“காத்துல சாத்திக்கிச்சு! எல்லாத்துக்கும் என்னையே சொல்லு. என் துண்டைக்கூட உன்னால சும்மா விட முடியல. தினமும் மடிச்சு மடிச்சு வைக்கிற. எனக்குச் சுத்தமா பிடிக்கல.”

“ஈரத்துண்டைத் தரையில போட்டா மடிக்காம என்ன பண்ணுவாங்க?”

“என் துண்டு. என் இஷ்டம்.”

“நீ தூக்கத்துல பல்லைக் கடிக்கிறியே, அதுவும் உன் இஷ்டமா? எத்தனை நாள் தலையணையைக் காதுமேல வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன் தெரியுமா?”



“ஏன் சொல்லல?”

“அம்மா சொன்னாங்க. அவ அம்மா இல்லாத பொண்ணு, அவளை ஒரு வார்த்தை சொல்லாதேன்னு.”

மெக்கானிக்கம்மாவின் கையில் ஸ்க்ரூடிரைவர் கனத்தது.

“எங்கப்பாவும் என்கிட்ட அப்படித்தான் சொன்னாரு. இது அவங்க வீடு, நாமதான் வந்து சேர்ந்திருக்கோம், பார்த்து நடந்துக்கோன்னு.”

அதற்குள் மாத்திரை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “என்னாச்சு? குழந்தைங்க உள்ளயா? திறக்க வேண்டியதுதானே!” அவள் உதட்டில் விரலை வைத்தாள். மகளின் கடைசி வாக்கியம் அவர் காதிலும் விழுந்திருந்தது. அவர் மெல்ல அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஓடிவந்த தரகர், வீடு வாங்க வந்தவர்கள் குளியலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எதுவும் கேட்காமல் வாசல்பக்கம் நகர்ந்துவிட்டார்.

“சரி, உண்மையைச் சொல்லு,” என்றாள் பெரியவள். “ரயில்பெட்டி வீட்டுல உனக்கு மரம் தெரியுற ரூம்தானே வேணும்?”

“ஆமா, வேணும்! உனக்கு?”

“எனக்கும் அதான் வேணும்!”

“அப்புறம் எதுக்கு நடு ரூம் ஓகே, நடு ரூம் ஓகேன்னே?”

“நீ சொன்னே, நானும் சொன்னேன்.”

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரென்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் சின்னவளின் குரல் வேறு மாதிரி வந்தது. தாழ்ந்த குரல். கதவில் காதை ஒட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“சித்தி மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல. அவங்க கட்டிக்குடுக்குற மத்தியானச் சாப்பாடு எங்கம்மா கட்டினதைவிட நல்லா இருக்கு. அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

மாத்திரை தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக்கம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து மில்லில் ரம்பம் மறுபடியும் உறுமத் தொடங்கியது. கணவனும் மனைவியும் கதவோடு கதவாகக் காதை ஒட்டிப் பார்த்தார்கள். மரம் கிழிபடுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பெரியவள் அன்று என்ன சொன்னாள் என்பது இன்றுவரைக்கும் அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இனிமேல் காத்திருந்து பயனில்லை. மெக்கானிக்கம்மா கதவைத் தட்டி, “நான்தான், பின்னால தள்ளி நில்லுங்க!” என்று கத்திவிட்டு, பூட்டைக் கழற்றி, தோளால் ஓர் இடி இடித்தாள். கதவு திறந்துகொண்டது.

இரண்டு பெண்களும் கவிழ்த்துப்போட்ட ஒரே வாளிமேல் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளின் கண் தூசால் சிவந்திருந்தது. பெரியவளின் கண்ணும் சிவந்திருந்தது. அதில் தூசு எதுவும் விழவில்லை.

“எவ்வளவு நேரம்மா!” என்றாள் பெரியவள். “லிஃப்டா இருந்தா உடனே ஓடுவே.”

“பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு,” என்றாள் அம்மா. பக்கத்தில் மாத்திரை திடீரென்று இருமினார்.

காருக்குப் போனதும் சின்னவள் கதவைச் சாத்தி, சத்தத்தை வெளியே நிறுத்திவிட்டு, “நாங்க முடிவு பண்ணிட்டோம்பா,” என்றாள்.

“என்னன்னு?”

“ரயில்பெட்டி. இந்த வீட்டுல ஒரே ரூம்ல போட்டீங்கன்னா நாங்க ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவோம்.”

“மரம் தெரியுற ரூம் முதல் வருஷம் எனக்கு,” என்றாள் பெரியவள். “அடுத்த வருஷம் இவளுக்கு. முன் ரூமும் அப்படியே மாத்திப்போம்.”

“சீட்டுக் குலுக்கிப் போட்டீங்களா?” என்றாள் மெக்கானிக்கம்மா.

“இல்ல சித்தி, சண்டை போட்டோம். இவ ஜெயிச்சுட்டா.”

மாத்திரை கணக்குப் போட்டுப் பார்த்தார். முன் அறை ஒருத்திக்கு, கடைசி அறை இன்னொருத்திக்கு. “அப்போ நடு ரூம்?”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நடு ரூம் உங்க ரெண்டு பேருக்கும்தான் அங்கிள்,” என்றாள் பெரியவள். “நீங்கதானே எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க?”

 மாத்திரை திரும்பி மனைவியைப் பார்த்தார். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பக்கமும் கதவு, ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவள்கூடக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இதைவிட மோசமான அறையைத் தேடிப்பிடிக்க முடியாது. மெக்கானிக்கம்மாவோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

“சிரிக்கிறியா? நீ கேட்ட கதவு இதுதானா?”

“ஒண்ணு கேட்டேன். ரெண்டா கிடைச்சிருக்கு, விடுங்க,” என்றாள்.

தரகர் ஜன்னல் வழியே குனிந்து, மில்காரரிடம் பேசிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

ரயில்பெட்டிக்குக் குடிவந்த முதல் வாரமே மெக்கானிக்கம்மா தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். இரண்டு கதவுக்கும் இரண்டு. மாத்திரை அவற்றை எடுத்துத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மாட்டுவதற்கு அவளுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை. ஊரில் உள்ள லிஃப்டுகளெல்லாம் ஒரேயடியாகப் பழுதாகிவிட்டன என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விடுமுறை நாள் காலை, அவளும் மாத்திரையும் போர்வையை விலக்காமல் படுத்திருந்தார்கள். தட்டுகிற சத்தமும் திறக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. முன் கதவு வழியாகச் சின்னவள் வந்தாள்.

“சித்தி, என் சீப்பை இவ எடுத்துட்டா.”

பின் கதவு திறந்தது. “நான் ஒண்ணும் எடுக்கல. நீதான் என் மேஜைல வச்சுட்டுப் போனே.”

“உன் ரூமுக்கே நான் வரல!”

“நேத்து வந்து மரத்துல குருவி பார்த்தது யாரு? உன் ஆவியா?”

சண்டை கட்டிலுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது. பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்கச் சின்னவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவளும் மறுபக்கம் வந்து போர்வையின் ஒரு முனையை இழுத்துக் காலில் சுற்றிக்கொண்டு, வாதத்தை விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

“நான் போய் எல்லாருக்கும் டீ போடறேன்,” என்று மாத்திரை எழுந்தார்.

அவர் எழுந்த இடத்தில் சின்னவள் சரிந்து படுத்துக்கொண்டாள். மெக்கானிக்கம்மா தலையணையில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.