பாகு ஆறிய அத்தியாயம்

சாத்தூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு நாவல். அதைப் பற்றிப் பேசுகிறவர் அந்த நாவலுக்குப் பொருத்தமான இனிப்பைத் தன் கையால் செய்து கொண்டுவர வேண்டும். ஏன் இந்த இனிப்பு என்று கேட்டால் காரணமும் சொல்லத் தெரிய வேண்டும். பைண்டிங் கடை கோட்டைச்சாமி அண்ணன் ஒருமுறை மெதுவாக நகரும் நாவலுக்குக் கம்பு மாவு உருண்டை கொண்டுவந்தார். "அவசரமா முளுங்குனா விக்கும். புஸ்தகமும் அப்பிடித்தான்" என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

2007 ஆவணியில் என் முறை வந்தது. எனக்குக் கிடைத்தது அச்சான நாவல் இல்லை. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு எங்களை ஏற்றிப்போகும் வேன் டிரைவர் காளீஸ்வரன் அண்ணன், நான்கு வருடமாக நோட்டுகளில் எழுதியது. பேச்சியம்மா என்ற பட்டாசுத் தொழிலாளியின் கதை. "நீ நல்லாருக்குன்னு சொல்லிட்டா, திங்கக்கெளம அச்சாபீஸ்ல குடுத்துருவேன் தாயி" என்று சொல்லியிருந்தார்.

இரண்டு முறை படித்தேன். வெடிக்குத் திரி வைப்பது, தாள் சுற்றுவது, ஷெட்டுக்கு ஷெட் விட்டிருக்கும் இடைவெளி, எதிலும் ஒரு தப்பு கிடையாது. ஆனாலும் பேச்சியம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை செய்கிற ஒன்பதாம் அத்தியாயத்தில் ஏதோ குறைந்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாத குறையைச் சொல்லி, ஒரு மனிதரின் நான்கு வருடத்தை எப்படி நிறுத்துவது? நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவிடலாம் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை கருப்பட்டி மிட்டாய் செய்ய உட்கார்ந்தேன்.

அரிசியும் உளுந்தும் கெட்டியாக ஆட்டிய மாவைத் துணியில் போட்டு, ஓட்டை வழியாக எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிவோம். வெந்ததும் வளையத்தின் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் உண்டாகும். அதற்குள் ஆவி நிற்கும். சூட்டோடு பாகில் போட்டால் ஆவி அடங்கிச் சுருங்கும். காலியான இடத்துக்குப் பாகு தானாகவே ஏறும். பாகும் சூடாக, இளகி இருந்தால்தான் இது நடக்கும்.

பதினோரு வருடமாகக் கம்பெனிக்குப் போய்வந்தவள் நான். இரண்டு நெருப்பு ஒரே நேரத்தில் எரிந்தால் மனம் பதறும். வீட்டில் கேஸ் அடுப்பு வந்த பிறகும் ஒன்றை அணைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பற்றவைப்பேன். அன்றும் பாகை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய் வைத்தேன். எண்ணெய் காய்வதற்குள் பாகு ஆறி இறுகிவிட்டது. கவனிக்காமல் பொரித்தெடுத்த முதல் ஈட்டை அதில் போட்டுவிட்டேன்.

எடுத்துப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. கடித்தேன். மேலே இனிப்பு, உள்ளே வறட்டு மாவு.

ஒன்பதாம் அத்தியாயத்தின் குறை எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பாகைச் சூடாக்கி இரண்டாம் ஈடு போட்டேன். இரண்டையும் தனித்தனித் தட்டில் எடுத்துக்கொண்டு, வட்டம் கூடும் ஞானசுந்தரி டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

முதல் தட்டை நீட்டினேன். ஆளுக்கொன்று எடுத்தார்கள்.

"பாகு ஏறலயே" என்றார் கோட்டைச்சாமி அண்ணன். "பரவால்ல, நாலு குடு."

"அங்கன ஒருத்தரு நாவலப் பத்திக் கேக்கக் காத்திருக்காரு. நீங்க தட்டக் காலி பண்ணுங்க" என்றார் டீச்சர்.

காளீஸ்வரன் அண்ணன் பாதி கடித்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதுதான் என் புஸ்தகமா?"

"முழுசும் இல்லண்ணே. ஒம்பதாம் அத்தியாயம்." இரண்டாம் தட்டைப் பக்கத்தில் வைத்தேன். "மத்ததெல்லாம் இது."

அவர் அதைத் தொடவில்லை. "ஒம்பதுல என்ன தப்பு? திரி நீளம்கூட அளந்து எளுதிருக்கேன்."

"தப்பே இல்லண்ணே. பேச்சியம்மா கை என்ன செய்யுதுன்னு அம்புட்டும் இருக்கு. நாள் பூரா அவ ஒண்ணுமே நெனக்கல."

கோட்டைச்சாமி அண்ணன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். காளீஸ்வரன் அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"நான் கம்பெனி கேட்டுக்குள்ள வர்றதில்லயே தாயி" என்றார் கடைசியில். "எறக்கி விட்டுட்டுத் திரும்பிருவேன். வேல வெவரம்லாம் மேஸ்திரி சொன்னது. என்ன நெனப்பீகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டா சொல்லுவோம்ணே."

கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "சரி. திரி வைக்கையில நீ என்ன நெனப்ப?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே யோசிக்க வேண்டியிருந்தது.

"பக்கத்துல திரி வைக்கிற ராக்காயி அக்கா கையப் பாத்துக்கிட்டே இருப்பேண்ணே. அது வேகமா ஓடுனா வீட்டுல சண்ட. நின்னு நின்னு போனா மகனுக்கு இன்னும் காச்ச விடல. அதுக்குத் தக்கன எம் பேச்ச மாத்திக்கிருவேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அக்காவும் என் கையப் பாக்குமோ என்னமோ."

அவர் டீச்சரிடம் பேனா கேட்டார். "திங்கக்கெளம முடியாதுன்னு அச்சாபீஸ்ல சொல்லிக்கிறேன்" என்றபடி, ஒன்பதாம் அத்தியாயம் இருந்த நோட்டைத் திருப்பி, ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.