குறுக்கு விசாரணை இல்லை

திண்டிவனம் வக்கீல் தேவநாதனுக்கு அந்த வகுப்புக்குப் போகவும் விருப்பமில்லை, போகாமல் இருக்கவும் காரணமில்லை. எழுபத்தாறாம் வருஷம் மே மாதம். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. வக்கீல்கள் சங்கம் மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் பயிற்சி வைத்திருந்தது. சாட்சியை எப்படி விசாரிப்பது, அப்பீல் எப்படி எழுதுவது, எந்த வழக்கை சமரசத்தில் முடிக்கலாம் என்றெல்லாம் சொல்லித்தரப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தலை நரைத்த பிறகு என்ன பாடம் என்று சிலர் கேலி பேசினார்கள். தேவநாதன் பேசவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி ராசம்மாள் எழுபத்துமூன்றில் மஞ்சள் காமாலையில் போனாள். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அவர் கோர்ட்டுக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. வைத்த சோற்றைச் சாப்பிட்டார், வந்த வழக்கை நடத்தினார், வாய்தா வாங்கினார், வீட்டுக்கு வந்து படுத்தார். அவர் அழாததைப் பார்த்து, மனசைத் தேற்றிக்கொண்டார் என்று ஊர் சொன்னது. அப்படித்தான் போலிருக்கிறது என்று அவரும் இருந்துவிட்டார்.

வகுப்பு எடுக்க வந்தவர் சென்னை வக்கீல் தட்சணாமூர்த்தி. தேவநாதனைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். வந்தவர்களையெல்லாம் சார் சார் என்று கூப்பிட்டு, நான் ஒன்றும் கற்றுக்கொடுக்க வரவில்லை, சேர்ந்து பேசிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்றார். முதல் நாள் காலை முழுக்கச் சட்டம் பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பளத்து வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. பாதிப்பேர் தூங்கினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தட்சணாமூர்த்தி ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். உண்மையில் நடந்த ஒரு கொலை வழக்கில் ஒரே சாட்சி சொன்ன வாக்குமூலம் அது. பெயர்களும் ஊரும் மையால் அடிக்கப்பட்டிருந்தன. உப்பளத்தில் நடந்த விஷயம் என்பதால் மரக்காணத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தேடி எடுத்து வந்ததாகச் சொன்னார். உப்பளக் காவல்காரன் ஒருவன் சாயங்காலம் தன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். கூலிக்காரி ஒருத்தி தன் புருஷனை உப்பு வாரும் பலகையால் மண்டையில் அடித்து வாய்க்காலில் தள்ளுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான். இந்தச் சாட்சியை யார் குறுக்கு விசாரணை செய்கிறீர்கள் என்று கேட்டபோது யாரும் கையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் விழித்திருந்தவர் என்பதால் தேவநாதனை எழுந்துவரச் சொன்னார்கள். பெருமுக்கல்லிலிருந்து வந்திருந்த ஜூனியர் வக்கீல் முருகையன் காவல்காரனாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

தேவநாதன் தாளை ஒருமுறை படித்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். உங்கள் கொட்டகை வாசல் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது? வாய்க்கால் கொட்டகைக்கு முன்னாலா, பின்னாலா? சீசன் நேரத்தில் உப்புக் குவியல் எவ்வளவு உயரம் நிற்கும்? உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்கு அதைத் தாண்டி என்ன தெரியும்? அடி விழுந்ததைப் பார்த்தீர்களா, விழுந்து கிடந்தவனைப் பார்த்தீர்களா? பார்த்ததும் கத்தினீர்களா? கத்தவில்லையென்றால் ஏன்? குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். முருகையன் திணறிப்போய்க் கடைசியில் சிரித்துவிட்டான். தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். கை தட்டினார்கள்.

தட்சணாமூர்த்தி சந்தோஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார். இந்த வழக்கில் அந்தப் பெண்ணுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, கோர்ட்டே ஒரு வக்கீலை நியமித்தது, அவர் இந்தச் சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, வாக்குமூலத்துக்குக் கீழே ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தது என்றார். அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை. அப்பீல் போனதாகவும் தெரியவில்லை.

டீ கொடுத்தபோது தேவநாதன் அவரிடம் போய் வழக்கு நம்பரைக் கேட்டார். தட்சணாமூர்த்தி பையிலிருந்து மை அடிக்காத நகலை எடுத்து நீட்டினார். எழுபத்துமூன்று, ஜில்லா கோர்ட். சம்பவம் நடந்த இடம் இதே மரக்காணம் உப்பளம். குற்றம் சாட்டப்பட்டவர் செல்லம்மாள். இறந்தவன் கொளஞ்சி. சாட்சி செல்லப்பன். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தார். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தார், வரவில்லை. ராசம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அது என்பது தேதியைப் பார்த்ததும் தெரிந்தது.

“நான்தான் அது” என்றார்.

தட்சணாமூர்த்திக்குப் புரியவில்லை. தேவநாதன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். இளையவர் முகம் சுருங்கிப்போய், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று என்னென்னவோ சொன்னார். தேவநாதன் நகலைத் திருப்பிக் கொடுத்தார். அந்த உப்பளம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வரப்பு மேலேயே போனார். பாத்திகளில் ஆண்களும் பெண்களும் முழங்கால்வரை வெள்ளை பூத்துப்போய் வேலை செய்துகொண்டிருந்தார்கள். செல்லம்மாளின் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதும் ஒருத்தி பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். செல்லம்மாளின் தங்கை குப்பம்மாள். அக்காவின் இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். அவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“நீங்கதான அன்னிக்குக் கோர்ட்ல எங்க அக்காவுக்கு நின்னீங்க?”

ஆமாம் என்றார். அவள் திட்டவில்லை. என்ன வேண்டும் என்றுதான் கேட்டாள். காவல்கொட்டகையைக் காட்டச் சொன்னார். கூட்டிப்போய்க் காட்டினாள். பனை ஓலைக் கொட்டகை. வாசல் கடலைப் பார்த்து இருந்தது. கொளஞ்சி கிடந்த வாய்க்கால் கொட்டகையின் முதுகுப்புறம், இரண்டு உப்புக் குவியல்களுக்கு அந்தப்பக்கம். சாயங்கால வெயில் உள்ளே வரும் என்பதால் வாசலை எப்போதும் இந்தப்பக்கம்தான் வைப்பார்கள் என்று குப்பம்மாள் சொன்னாள். தேவநாதன் வாசலில் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். கடல்தான் தெரிந்தது. வேட்டியில் மண் ஒட்டியதைத் தட்டாமலே எழுந்து, அக்காவைப் பார்க்க எப்போது போவாய் என்று கேட்டார். பஸ்ஸுக்குக் காசு சேரும்போது என்றாள் அவள்.

அடுத்த வாரம் இருவரும் வேலூருக்குப் போனார்கள். பெண்கள் ஜெயிலில் கம்பிக்கு அந்தப்பக்கம் செல்லம்மாள் வந்து நின்றாள். மெலிந்த, உயரமான பெண். தங்கையிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். வக்கீல் அப்பீல் பற்றிச் சொன்னபோது, வேறு யாருக்கோ சொல்கிறார் என்பதுபோலத் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு என்னம்மா நடந்தது?” என்று தேவநாதன் கேட்டார்.

“குடிச்சிட்டு வந்தாருங்க. நான் கடைசிப் பாத்தியில இருந்தேன். மதகுக் கட்டை மேல கால வச்சாரு, வழுக்கி உழுந்துட்டாரு. தலை அதுலயே அடிபட்டுச்சு. நான் ஓடியாந்து தூக்குனேன். ரத்தமெல்லாம் என்மேல. அப்பதான் எல்லாரும் வந்தாங்க.”

“இதக் கோர்ட்ல ஏன் சொல்லல?”

“ஜட்ஜய்யா என்னமோ கேட்டாருங்க. எனக்கு வாய் வரல. நீங்க ஒக்காந்துட்டீங்க. சரி, முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சேன்.”

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தேவநாதன் வக்காலத்தில் அவளுடைய கைநாட்டை வாங்கிக்கொண்டார். வரும் வழியில் குப்பம்மாள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

அப்பீலைச் சென்னையில் தட்சணாமூர்த்தி எடுத்து நடத்தினார். பீஸ் வாங்கவில்லை. கெடு தாண்டி இரண்டரை வருஷம் ஓடியிருந்ததால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தேவநாதனே பிரமாணப் பத்திரம் போடவேண்டியிருந்தது. தன்னுடைய கட்சிக்காரிக்கு அப்பீல் உண்டு என்று தான் சொல்லவில்லை, தீர்ப்புக்குப் பிறகு போய்ப் பார்க்கவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். இது போதாது என்று தட்சணாமூர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சம்சாரம் தவறினதையும் எழுதணும். அந்தம்மாவுக்கு அது உதவும்.”

தேவநாதன் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு எழுதினார். மனைவி இறந்த சில வாரங்களில் அந்த வழக்கை நடத்தியதாகவும், அப்போது தன் மனம் வேலையில் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராசம்மாளின் சாவு ஒரு வழக்குக் கட்டில் பத்தி நம்பரோடு உட்கார்ந்துகொண்டது. ஹைகோர்ட்டில் நீதிபதி அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தார். பின்வரிசையில் நின்றபடி தேவநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு வக்கீலின் மனைவி என்றுதான் காதில் விழுந்தது.

தாமதத்தை மன்னித்தார்கள். அந்த ஒரு சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து, சாட்சியத்தை எழுதி அனுப்பும்படி ஜில்லா கோர்ட்டுக்கு உத்தரவு வந்தது.

செல்லப்பன் வந்தபோது தேவநாதனுக்கே ஆள் யாரென்று தெரியவில்லை. காவல் வேலையை விட்டுவிட்டுப் பொம்மையார்பாளையத்தில் மகன் வீட்டில் இருந்தான். ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. வகுப்பில் கேட்ட கேள்விகளையெல்லாம் தேவநாதன் வரிசையாக மனதில் வைத்திருந்தார். வாசல் எந்தப்பக்கம் என்று கேட்டார். கடல் பக்கம் என்றான். அப்படியானால் வாய்க்காலில் நடந்ததை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்.

செல்லப்பன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருப்பதற்குள் சொன்னான்: “நான் பாக்கலீங்க. சத்தம் கேட்டுப் போனேன். அவதான் அடிச்சிருப்பான்னு எல்லாரும் பேசிக்கினாங்க. போலீஸ்ல கேட்டாங்க, நானும் பாத்தேன்னுட்டேன்.”

மிச்சக் கேள்விகளுக்கு வேலை இல்லாமல் போனது. தேவநாதன் உட்கார்ந்தார். ஜெயித்த மாதிரி இல்லை. வெளியே வரும்போது செல்லப்பன் மரத்தடியில் மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனைத் தாண்டிப் போகும்போது கோபம் வருமா என்று தேவநாதன் பார்த்தார். வரவில்லை. அவன் சொன்ன பொய் ஒரு வார்த்தை. இவர் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எழுபத்தெட்டு தை மாதம் செல்லம்மாளை விடுதலை செய்து தீர்ப்பு வந்தது. குப்பம்மாளுக்குக் காய்ச்சல். தேவநாதன் மட்டும் வேலூருக்குப் போனார். செல்லம்மாள் துணி மூட்டையோடு வெளியே வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு இட்லி வாங்கிக்கொடுத்தார். முழுவதும் சாப்பிட்டுவிட்டு இலையைத் தானே எடுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும்போதே நினைத்திருந்தார். திண்டிவனம் தாண்டியும் கேட்கவில்லை. பெருமுக்கல் மலை தெரிந்தபோதுதான் பேசினார்.

“என்னாலதாம்மா உனக்கு இவ்ளோ வருஷம் போச்சு.”

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமாங்க” என்றாள்.

அதில் கசப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தேவநாதன் தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து அவள், பெரியவள் வயசுக்கு வந்துவிட்டாளாமே, தங்கை சொன்னாள் என்றாள். ஆமாம், நானும் பார்த்தேன், நல்ல உயரம் என்றார் அவர்.

மரக்காணத்தில் இரண்டு பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். பெரியவள் ஓடிவந்து மூட்டையை வாங்கினாள். சின்னவளுக்கு அம்மாவைத் தெரியவில்லை. அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். செல்லம்மாள் அவளைத் தொடப் போகவில்லை. அவள் பக்கத்தில் மண்ணில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பேர் என்ன என்று கேட்டாள். அந்தப் பெண் அக்காளைப் பார்த்தது.

“பாஞ்சாலை” என்றது.

“பாஞ்சாலையா, சரி” என்று செல்லம்மாள் எழுந்து நடந்தாள். பெண்கள் கொஞ்சம் தள்ளிக் கூடவே நடந்தார்கள்.

தேவநாதன் திரும்பிப்போகும் பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றார். மூக்கில் தண்ணீர் வடிந்தது. ஜலதோஷம் பிடிக்கிறது என்று நினைத்துத் துண்டை எடுத்தார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்தவள் என்னங்க ஆச்சு என்று கேட்டாள். என் சம்சாரம் செத்துப்போய்ட்டாம்மா என்றார். அடடா, எப்போ என்று அவள் கூடையை இறக்கி வைத்தாள். அவர் வருஷத்தைச் சொன்னார். அவள் நிழலில் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.