பேட்டரிக்கு அடியில் பச்சைப் புள்ளி

பாஞ்சாலியின் தங்கை பூமாரிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவள் சங்கரன்கோவிலில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள். பாஞ்சாலியும் நானும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கிறோம். அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வது போனில் தமிழில் அனுப்பும் செய்திகளால்தான். பூமாரிக்கு வேறு எழுத்து வராது. பாஞ்சாலி பட்டன் போனை விட்டு டச் போன் வாங்கிய அன்று, தங்கை அனுப்பியதெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அந்தப் போனுக்குள் தமிழே இல்லை.

நான்தான் அதற்குள் தமிழை வைத்தேன். சுங்குவார்சத்திரத்தில் மாலை வகுப்பில் மொபைல் சர்வீஸ் படிக்கிறேன். போனின் உள்பூட்டைத் திறந்து எழுத்துருவை வைக்கும் முறையை இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். போன் செத்தால் என்னைத் தேடி வராதே என்பதுதான் அவருடைய முதல் வரி. போனோடு வந்த தாளிலும் அதே பேச்சு. எங்கள் வகுப்புச் சுவரில் பலகையே மாட்டியிருக்கிறது: ‘மென்பொருள் மாற்றத்தால் ஏற்படும் பழுதுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள்.

பகலில் நான் இருப்பது, கார்களுக்குள் போகும் ஹார்னஸ் என்ற வயர்க் கட்டுகளைச் சோதிக்கும் லைன். ஒரு கட்டைப் பார்த்து முடித்தால் அவரவர் நிறத்து மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். என் நிறம் பச்சை. கோளாறு என்று திரும்பி வந்தால் புள்ளியைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். சரி செய்தபின் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி. அந்த இரட்டைப் புள்ளிக்காகக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் பேச்சு வாங்க வேண்டும். புள்ளி வைக்காமல் ஒரு வேலையை விட்டால் எங்களுக்குக் கை நமைக்கும். பாஞ்சாலியின் போனில் தமிழ் வந்ததும், யோசிக்காமல், பேட்டரியைக் கழற்றி அடியில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிட்டேன். திருட்டு வேலைக்குக் கையெழுத்து போட்டது போல் ஆகிவிட்டதோ என்று பிறகு தோன்றியது. அழிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் போன் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

“அப்டேட் வந்தா அமுக்காதன்னு சொன்னேன்லாட்டி?” என்றேன்.

“சொன்ன. அது தெனமும் வந்து வந்து கேக்கு, கல்யாணத் தரகர் மாதிரி. எத்தன நாளைக்கு வேண்டாம் வேண்டாம்னு சொல்ல? ஒரு நா சரின்னுட்டேன்.”

அமுக்காதே என்று சொன்னேன். அமுக்கினால் என்ன ஆகும் என்று சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் சட்டையில் மணிகண்டபிரபு என்று பெயர் இருந்தது. பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தவர் சிரித்துவிட்டார்.

“இன்னாமா இது, போனுக்குப் பொட்டு வெச்சிக்கிறீங்க?” பிறகு என் சீருடையைப் பார்த்தார். “ஹார்னஸ் லைனா? நானும் அங்க இருந்தவன்தான். இது உன் புள்ளியா?”

“ஆமாண்ணே.”

“உள்ள கை வெச்சிக்கிற. வாரண்டி காலி.” குரலைத் தாழ்த்தினார். “சொல்றத கேளு தங்கச்சி. அப்டேட் வந்துச்சு, செத்துச்சு, அவ்ளோதான் சொல்லணும். புள்ளிய நான் தொடைச்சிடறேன். புது சாஃப்ட்வேர் ஏத்தி சும்மாவே குடுக்கறேன்.”

பாஞ்சாலியின் முகம் மலர்ந்தது. அவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார்.

“புதுசுல தமிழ் இருக்குமாண்ணே?” என்று கேட்டேன்.

“தமிழா? இங்கிலீஷ் கீது, இந்தி கீது.”

“நான் திரும்பப் போட்டுக்கிடலாம்லா?”

“அது முடியாது. இந்த வாட்டி நல்லா பூட்டிக்கிறான்.”

பஞ்சு புள்ளிக்கு அருகே வந்தது. நான் போனின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

“தொடைக்காதீங்க.”

“ஏம்மா, நான் உனக்கு நல்லதுதான பண்றேன்!”

அவர் கெட்டவரில்லை. அதனால்தான் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது. ஆனால் போன் என்னுடையதில்லையே. பாஞ்சாலியிடம் திரும்பினேன். “பழைய சாஃப்ட்வேர ஏத்தி மறுபடியும் தமிழ வைக்கப் பாக்கேன். தவறிப்போச்சுன்னா ஒரேயடியாச் செத்துரும். இங்க குடுத்தா உயிரோட வரும், ஆனா தமிழ் வராது. நீதான் சொல்லணும்.”

“கட்டங்கட்டமாத் தெரியுத போன வச்சு நான் என்ன செய்ய? தாயம் வெளையாடவா?” என்றாள் பாஞ்சாலி. “நீயே பாருட்டி.”

மணிகண்டபிரபு பெருமூச்சு விட்டார். “யாரு மாத்துனதுன்னு கம்ப்யூட்டர்ல போடணும். தெரியாத கடைன்னு போட்டுக்கட்டா?”

“என் பேரையே போடுங்கண்ணே. கவியா.”

“போட்டா இனிமே எந்த சென்டர்லயும் இந்த போன தொட மாட்டான்.”

“தொட வேண்டாம்.”

ஷேர் ஆட்டோவில் வரும்போது ‘தொட வேண்டாம்’ என்று நான் சொன்னது காதிலேயே நின்றது. அவ்வளவு தைரியம் எனக்கு உண்டா, இல்லை வாய் மட்டும்தானா என்று தெரியவில்லை.

அன்று மாலை பாஞ்சாலியையும் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். இராமச்சந்திரன் சார் விஷயத்தைக் கேட்டதும் சுவரைக் காட்டினார். வடக்குப்பட்டுக்காரர், மையம் அவருடையது. “அந்த போர்ட படிச்சியா?”

“படிச்சேன் சார். நிர்வாகம் பொறுப்பில்ல. நான் பொறுப்பு.”

“செத்துச்சுன்னா என் சென்டர் பேருதான்மா நாறும்.”

“என் பேரு நாறட்டும் சார். புள்ளி என்னோடது.”

“வாய் ரொம்ப நீளம் உனக்கு,” என்றவர், சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரை நோக்கித் தலையை அசைத்தார்.

பழைய மென்பொருள் இந்த மாடலுக்கு உரியதுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கேபிளை அசைத்துப் பார்த்தேன். என்னென்ன செய்யப்போகிறேன், எங்கே தவறலாம் என்பதைப் பாஞ்சாலிக்கு இந்த முறை முழுதாகச் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியையும் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

மென்பொருள் ஏறுவதைத் திரையில் காட்டும் கோடு பாதியைத் தாண்டியபோது கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. யுபிஎஸ் கூவத் தொடங்கியது. அந்த ஒரு யுபிஎஸ்ஸில்தான் வகுப்பின் எல்லாக் கம்ப்யூட்டர்களும். இப்போது என் கம்ப்யூட்டர் அணைந்தால் போன் வெறும் கல்.

“கோமதித் தாயே,” என்று பாஞ்சாலி மேசையைப் பிடித்தாள்.

“எல்லாரும் ஆஃப் பண்ணுங்க!” சார் கத்தினார். “மானிட்டர், சிபியு, எல்லாம்! சீக்கிரம்!”

“சார், நான் இன்னும் சேவ் பண்ணல,” என்றான் முன்வரிசையில் ஒருவன்.

“போவட்டும் போ! போர்டுல போட்டுக்கீது இல்ல, நிர்வாகம் பொறுப்பல்லன்னு? புடுங்குடா!” சொல்லிக்கொண்டே அவரே போய் ஒயரைப் பிடுங்கினார். அவருடைய கம்ப்யூட்டரையும் அணைத்தார்.

இருட்டில் என் திரை ஒன்றுதான் எரிந்தது. யுபிஎஸ்ஸின் கூவல் நெருக்கமாகிக்கொண்டே போனது. கோடு நகர்வதாகத் தெரிந்தது, நகராதது போலவும் தெரிந்தது. எத்தனை பேரின் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் அப்போதும் மணிகண்டபிரபுவின் பஞ்சுக்கு நான் சரி சொல்லியிருக்க மாட்டேன்.

முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. கேபிளைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ்ஸும் வாயை மூடியது.

போன் கம்பெனிப் பெயரைத் தாண்டித் திறந்தது. உடனே செய்தி ஒன்று வந்தது, முழுக்கக் கட்டங்கள். கரண்ட் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வந்ததும் பூட்டைத் திறந்து எழுத்துருவை வைத்து, போனை அணைத்துப் போட்டேன். பாஞ்சாலி உரக்கப் படித்தாள்.

“ஏன் பேசல? என்மேல கோவமா? கோவம்னா அந்த ஊதாப் பாவாடய நானே வச்சிக்கிடுதேன். திருப்பிக் கேக்கக் கூடாது.” படித்துவிட்டு, “திருட்டுக் கழுத!” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் அடிக்க உட்கார்ந்தாள்.

சார் எட்டிப் பார்த்தார். “வெளிய சொல்லிடாத. கட்டம் வர போன தூக்கிக்கினு உங்க ஹாஸ்டல் பொண்ணுங்க அத்தனையும் வந்து நிக்கும்.”

“வரட்டும் சார்.”

அவர் பிடுங்கிய ஒயர்களை மறுபடி செருகப் போனார். பலகையை மட்டும் கழற்றவில்லை.

அறைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றினேன். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டாவதை வைத்தேன். லைனில் இதை யாரும் பார்க்காமல் வைக்கத்தான் முயல்வோம். நான் பாஞ்சாலியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“மறுபடியும் செத்துச்சுன்னா?” என்றாள்.

“என்கிட்ட வா.”

“மூணாவது புள்ளிக்கு எடம் இருக்காட்டி?”

இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன்.