வலப்பக்கம்

தட்டச்சர் மூன்றாவது முறையும் கூட்டிப் பார்த்தார். இருபத்து நான்குதான். சிறை அலுவலகத்தில் அவருக்கு 'மறுகூட்டல்' என்றே பெயர். மாலை வகுப்பில் உளவியல் படிக்கச் சேர்ந்த பிறகு கேலி இன்னும் கூடிவிட்டது.

"என்ன மறுகூட்டல், ஒண்ணும் ஒண்ணும் இன்னிக்காவது ரெண்டு வந்துச்சா?" என்றார் வாசலில் நின்ற காவலர்.

தட்டச்சர் சிரிக்கவில்லை. சொந்த அண்ணனை அடித்து முடமாக்கிவிட்டு ஒன்பது வருடமாக உள்ளே இருப்பவனின் அறிக்கை அது. வெளியே விட்டால் மறுபடி கை நீட்டுவானா என்று சிறையின் உளவியல் டாக்டரம்மா கணித்துப் போட்ட மதிப்பெண். இருபத்திரண்டைத் தாண்டினால் விடுதலை மூன்று வருடம் தள்ளிப்போகும். உள்ளே போட்ட சண்டைகள் இரண்டு என்றிருந்தது: அவன் முன்பிருந்த சிறையின் பதிவேட்டில் பன்னிரண்டாம் தேதி, இந்தச் சிறையின் பதிவேட்டில் அதே மாதம் பதினைந்தாம் தேதி. இரண்டிலும் உடைந்தது ஒரே ஆளின் இடது மணிக்கட்டு. மூன்று நாளில் ஒரே கையை இரண்டு தடவையா உடைப்பான்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரி. அதை ஆனையிடமே போய் யார் சொல்வது? ஆறு மாதம் படித்த நானா? இரண்டு பதிவுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, கூட்டல் சரிதான். கூட்டினதுதான்..."

டாக்டரம்மா இரண்டு பதிவுகளையும் படித்தார். "என் கண்ணுல படாமப் போச்சே," என்றார், அவ்வளவுதான். உடனே அவனை வரச்சொன்னார்.

"ஒரே சண்டைதாங்க," என்றான் அவன். "இங்க மாத்தினப்போ பழைய காயிதத்தைப் பாத்து இன்னொருக்கா எழுதிக்கிட்டாங்க."

"ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லலை?"

"ஒண்ணுன்னா என்ன, ரெண்டுன்னா என்ன? அடிச்சது அடிச்சதுதானே."

மதிப்பெண் இருபதானது. கதவருகே போனவன் திரும்பினான். "அப்போ இனிமே நான் அடிக்க மாட்டேனா டாக்டரம்மா?"

"தெரியாதுப்பா. இருபது வாங்கினவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேர் அடிக்கலை. நீ எட்டுல ஒருத்தனா ரெண்டுல ஒருத்தனான்னு இந்தத் தாளுக்குத் தெரியாது."

அவன் தலையாட்டினான். "பாக்க வந்தப்போ அண்ணியும் இதையேதான் கேட்டாங்க. தெரியாதுன்னே சொல்லிடறேன்."

அறிக்கையில் கையெழுத்திட்ட டாக்டரம்மா, இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தட்டச்சர் அதுவரை பார்த்திராத நோட்டு. இடப்பக்கங்களில் டாக்டரம்மா கணித்தது. வலப்பக்கங்களில், வெளியே போன பிறகு நடந்தது. நாலைந்து இடங்களில் சிவப்பு மையில் 'தவறினேன்', தேதியோடு. தன் தவறுகளைத் தன் கையாலேயே எழுதி, தினம் திறக்கும் இழுப்பறையில் வைத்துக்கொள்ள எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! புதிய இடப்பக்கத்தில் அவனுடைய எண்ணையும் இருபதையும் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"நீங்களும் கையெழுத்துப் போடுங்க. இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு."

தட்டச்சர் இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டார். மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்தார்கள். மின்விசிறிக் காற்றில் வலப்பக்கம் லேசாக எழும்பியது, படிந்தது. ஒரு எழுத்தும் இல்லாமல்.