ராஸ்முஸ் தாத்தாவின் எலும்பு

காலை ஒன்பது மணிக்கே சுகாசினிக்குக் குமட்டத் தொடங்கிவிட்டது. கல்லறைத் தோட்டத்து வேலியை ஒட்டி ஷாமியானா போட்டு, அதன் மூலையில் பிரியாணி அண்டாவை ஏற்றியிருந்தார்கள். கல்லறைக்கு நேற்று அடித்த நீல பெயிண்ட் இன்னும் காயவில்லை. கறி வாசனையும் பெயிண்ட் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏற, நடுவில் ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார் அவளுடைய சித்தப்பா தனசேகரன்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கிறிஸ்தவ சபைக் கமிட்டிச் செயலாளர். ஓரிக்கைக்கு அப்பால் பாலாற்றங்கரையில் இருக்கிற அந்தக் காலனியில் நூற்றிருபது வீடுகள்; அத்தனை வீட்டுக்கும் தானே சொந்தக்காரர் என்பதுபோல் நடப்பார். ஒரு வாரமாக அந்த நடையில் இன்னும் கொஞ்சம் ஏற்றம். காரணம், டென்மார்க்கிலிருந்து வந்து இறங்கியிருக்கும் கிர்ஸ்டன் அம்மையார்.

கிர்ஸ்டனுக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அம்மாவின் தாத்தா ராஸ்முஸ் ஹோல்ம், 1896இல் மனைவியையும் இரண்டு வயது மகளையும் ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் தச்சராகச் சென்னைப் பட்டணம் வந்தவர். வந்து சேர்ந்தேன் என்று ஒரே ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகு ஆளே இல்லை. அவர்கள் ஊர்ச் சபைப் புத்தகத்தில் 'வெளிநாடு சென்றார்' என்று ஒரு வரி, அதோடு சரி. மனைவி மாரென் செத்துப்போகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கிர்ஸ்டன் பன்னிரண்டு வருடம் தேடினார். கப்பல் பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல், சிறைப் பட்டியல் எதிலும் பெயர் இல்லை. கடைசியில் யாரோ இணையத்தில் போட்டிருந்த ஒரு கல்லறைப் படம் கண்ணில் பட்டது. 'ராஸ்முஸ், 1934.' அவ்வளவுதான் அந்தக் கல்லில் இருந்தது.

விசாரித்து வந்த கடிதத்துக்குச் சித்தப்பா மறுநாளே பதில் எழுதிவிட்டார். ஆமாம், அவர் எங்கள் தாத்தாதான், நாங்கள் அவருடைய வம்சம், எங்கள் வீட்டுக்கே ராஸ்முஸ் வீடு என்றுதான் பெயர் என்று. கடைசியில் சொன்னது மட்டும் உண்மை. காலனியில் அந்த வீட்டை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சுகாசினியை வரவழைத்தது இங்கிலீஷ் பேசுவதற்காக. அவள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். வந்ததிலிருந்து அவள் மொழிபெயர்த்தது எல்லாம் அசிங்கம். சித்தப்பா, சொந்தமே இல்லாத சிட்டிபாபுவைக் கூட்டிவந்து, "பாருங்க மேடம், பூனக்கண்ணு. எங்க பங்காளி. ரத்தம் எங்க போவும்?" என்றார். சிட்டிபாபு கண்ணை அகல விரித்துக் காட்டினான். அவன் மனைவி தன் முழங்கையைத் திருப்பி, வெயில் படாத பக்கத்தின் நிறத்தைக் காட்டினாள். கல்யாணச் சந்தையில்கூட யாரும் இப்படித் தோலைத் தூக்கிப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

கிர்ஸ்டன் தன் பையிலிருந்து இரண்டு சின்னக் குழாய்களை எடுத்தார். இதில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும், உறவு உறுதியாகிவிடும் என்றார்.

சித்தப்பா பதறிப்போனார். "எச்சி குடுக்குறது எங்க வழக்கத்துல இல்லன்னு சொல்லும்மா. குடும்பத்துக்கு ஆவாது."

"எப்பலேர்ந்து சித்தப்பா?"

"சொல்றத சொல்லு."

சொன்னாள். கிர்ஸ்டன் மரியாதையாகக் குழாய்களை உள்ளே வைத்துக்கொண்டார். அவருக்குச் சோதனை பெரிதில்லை. ராஸ்முஸின் எலும்பில் இரண்டு துண்டு வேண்டும், மாரென் பக்கத்தில் புதைக்க வேண்டும், தொண்ணூற்றிரண்டு வயது அம்மா அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். தன் எச்சிலைக் கொடுக்கமாட்டேன் என்ற சித்தப்பா, தாத்தாவின் எலும்பைக் கொடுக்க உடனே தலையாட்டினார். குடும்பத்தாரின் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சபை ரப்பர் ஸ்டாம்பையும் குத்திவிட்டு அவளிடம் நீட்டினார்.

"எங்க அண்ணன் இல்ல. மூத்தவர் வாரிசு நீதான். போடு."

சுகாசினி பேனாவை வாங்கவில்லை. சித்தப்பாவைத் தள்ளி அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்கப்பா சொல்லியிருக்காரு. உங்க தாத்தா கன்னங்கரேல்னு இருப்பாருன்னு உங்கப்பா சொல்லுவாராம். நீ பாத்ததில்லயே தவிர உனக்கும் தெரியும்."

"வெயில்ல நின்னா வெள்ளக்காரனும் கறுப்பான்."

"அப்ப உங்க ஆயாவ ஒரு வெள்ளக்காரன் வெச்சிக்கினு இருந்தான், ஊர்ல பொண்டாட்டி இருக்கசொல்லோ. அதத்தான மைக் வெச்சு சொல்றே?"

"வெச்சிக்கலம்மா. தாலி கட்டுனாரு." சொல்லிவிட்டுச் சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். "உனக்கு இன்னா தெரியும்? என் வயசுல பாதி நீ. கம்பத்துல ஏறி நான் கரண்டு குடுத்த வூட்லயே எனக்குத் தண்ணி தனி டம்ளர்ல குடுத்தாங்க. அந்தத் தெருக்காரன் எல்லாம் நேத்து வந்து என் கையப் புடிச்சு, 'இன்னா சார், டென்மார்க் சொந்தமாமே'ன்றான். ரெண்டு எலும்பு. மண்ணுக்குள்ள கெடந்து இன்னா பண்ணப்போவுது?"

அவர் சொன்ன டம்ளர் பொய்யில்லை. அதுதான் சுகாசினிக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தனி டம்ளர் கொடுத்தவனுடைய கைகுலுக்கலுக்காகத் தாத்தாவைத் தோண்டிக் கொடுப்பதா?

"பதிவேட்டப் பாத்துட்டு போடறேன்" என்றாள்.

"1934 அடக்கப் புஸ்தகம் மட்டும் எடுத்துக்கினு வா. மேடமும் கேட்டாங்க. வேற எதயும் கிளறாத." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சபைக் கோயில், கல்லறைத் தோட்டத்துக்கு அடுத்த மனையில்தான். பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அடக்கப் புத்தகத்தில் இருந்ததும் கல்லில் இருந்ததேதான், ராஸ்முஸ், ஜுரம், 1934. வயது போடவில்லை. அதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடத் தொழில் புத்தி விடவில்லை. கையில் இருக்கிற பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் அவளுடைய அலுவலகத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். மனிதனுக்குத் தாய்ப்பத்திரம் ஞானஸ்நானப் புத்தகம். அடித்தட்டில் துணி சுற்றிக் கிடந்ததை எடுத்துப் பிரித்தாள்.

கொம்பு வைத்த பழைய லை, னை எல்லாம் அவளுக்குப் பழக்கம். 1897, பஞ்சம் வந்த வருஷம். பிப்ரவரியில் ஒரே நாளில் பதினொரு பையன்களுக்கு ஞானஸ்நானம். ராஸ்முஸ், யென்ஸ், நீல்ஸ், ஸோரன் என்று பதினொன்றும் வெள்ளைக்காரப் பெயர்கள். பக்கத்துக் கட்டத்தில் பழைய பெயர். அதற்கடுத்த கட்டத்தில் 'ஆதரிப்பவர்'.

அவள் விரல் முதல் வரியிலேயே நின்றது. *இட்ட பெயர் ராஸ்முஸ். பழைய பெயர் சின்னான். வயது ஆறு. ஆதரிப்பவர் ராஸ்முஸ் ஹோல்ம், டென்மார்க் தேசத்தார், கப்பல் தச்சர், சென்னைத் துறைமுகம்.*

விஷயம் விளங்கிவிட்டது. பஞ்சத்தில் தாய் தகப்பன் செத்த பிள்ளைகளைச் சபைக்காரர்கள் கொட்டகையில் சேர்த்து, கஞ்சிக்கு யார் பொறுப்பேற்றார்களோ அவர்கள் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். யென்ஸுக்குச் சோறு போட்டவர் ஒரு யென்ஸ், நீல்ஸுக்கு ஒரு நீல்ஸ். சென்னையில் இருந்த ராஸ்முஸ் ஹோல்ம் இந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. பெயர் மட்டும் வந்து ஒரு பையன்மேல் உட்கார்ந்துகொண்டது.

கட்டத்தின் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. *1899 ஆகஸ்டு. மேற்படியார் ரங்கூன் போனதாகக் கேள்வி. கடிதம் திரும்பி வந்தது.*

வெளியே கடப்பாரை கல்லில் மோதும் சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சுகாசினி புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓடினாள்.

நீலப் பெயிண்ட் அடித்த மேடையின் ஓரத்தைப் பெயர்த்து, இரண்டு பேர் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தார்கள். சித்தப்பா குழிக்குள் குனிந்து, "பதமா, பதமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிர்ஸ்டன் மடித்த வெள்ளைத் துணியோடு மண்டியிட்டிருந்தார்.

"நிறுத்துங்கப்பா" என்று கத்தினாள். "இது அவரு இல்ல."

சித்தப்பா புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது. "அடக்கப் புஸ்தகம்தான கேட்டேன்?"

அவள் அவரைக் கடந்து போனாள். கிர்ஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக விரலை வைத்து இங்கிலீஷில் சொன்னாள். காலனிக்காரர்களுக்காகத் தமிழிலும் உரக்கப் படித்தாள். சின்னான் என்ற பெயர் வந்ததும் சிட்டிபாபு மெல்ல நழுவி அண்டா பக்கம் போய்விட்டான்.

கிர்ஸ்டன் ரங்கூன் என்ற வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கெட்டுப்போன எதையோ கடித்துவிட்ட முகம்.

"1897" என்றார். "அந்த வருடம் மாரென் அடுத்தவர் வீட்டில் துணி துவைத்தாள். என் பாட்டிக்கு ஏழு வயதானதும் வேறொரு பண்ணையில் வேலைக்கு விட்டார்கள். இந்த மனிதருக்கு இங்கே ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்க மனம் இருந்திருக்கிறது. மகளுக்கு ஒரு கடிதம் எழுத மனமில்லை." வெள்ளைத் துணியைக் கசக்கிப் பைக்குள் திணித்தார். "சீ" என்ற சொல் அவர்கள் பாஷையில் எப்படி இருக்குமோ, அதையும் சொன்னார்.

சுகாசினிக்கு அந்த அம்மாள்மேல் இரக்கம் வந்தது. அது ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

கிர்ஸ்டன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எலும்பு வேண்டாம். ஒரு பிடி மண் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் தாத்தா கிடைத்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் அவளுக்கு இந்தப் புத்தகம் எதற்கு? யாருக்கும் நஷ்டமில்லையே." சொல்லிக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, குழியோரத்து மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார்.

இவளுமா என்றிருந்தது சுகாசினிக்கு.

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் அந்த அளவு புரியும். முகம் மறுபடி மலர்ந்தது. "அதான! ஒரு புடி மண்ணு. ஆத்துல கொட்டிக் கெடக்குது. எடுத்துக்கட்டும். மேடம் அப்படியே ஒரு புதுக் கல்லும் வெச்சுட்டு போவாங்க."

"அந்த மண்ணுல இருக்குறது எங்க தாத்தா" என்றாள் சுகாசினி. கிர்ஸ்டனிடமும் இங்கிலீஷில் அதையே சொன்னாள். "ஆறு வயதில் இவருடைய பெயரை எடுத்துவிட்டு உங்கள் ஆளின் பெயரைப் போட்டார்கள். இப்போது இவரையே எடுத்துக்கொண்டுபோய் மாரென் பக்கத்தில் போடப் போகிறீர்கள். நஷ்டமில்லை என்கிறீர்கள்."

கவரைப் பறித்து மண்ணைக் குழிக்குள் கொட்டினாள். கிர்ஸ்டன் தடுக்கவில்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சித்தப்பா வெடித்தார். "பெரிய பரம்பர! யாருடி சின்னான்? ஊர்ல செத்த மாட்டத் தூக்குனவரு. வாசப்படியில நிக்க வெச்சுக் கூழ் ஊத்துனாங்களாம், எங்கப்பன் குடிச்சா அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு. அத நான் கல்லுல எழுதி வெக்கணுமா?"

"அவர வோணாம்னு சொல்லி, அவர் எலும்பையும் தூக்கிக் குடுக்க வந்துட்டியே. மாட்டத் தூக்குனதுல அசிங்கம் இல்ல சித்தப்பா. உன்ன பாத்தாத்தான் எனக்கு வாந்தி வருது."

அதுவரை அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அறைந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ, தோண்டிப் போட்ட மண்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோண்ட வந்த இருவரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்கள்.

சித்தப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"அதுல... சின்னானோட அப்பன் பேரு போட்டிருக்குதா?"

கோயிலில் அவசரத்தில் அவள் அந்தக் கட்டம்வரை போகவில்லை. பக்கத்தின் விளிம்பில் கடைசிக் கட்டம் அது. விரலை நகர்த்திக்கொண்டு போனாள். எழுதினவருக்கு நல்ல கையெழுத்து. கடல் தாண்டி வந்த தச்சரின் தேசம், தொழில், இருந்த இடம், போன இடம் எல்லாவற்றையும் மை சிந்தாமல் அழகாக எழுதியிருந்தார். தகப்பன் பெயர் என்ற கட்டத்திலும் அதே அழகான கையெழுத்துதான்.

"படிம்மா" என்றார் சித்தப்பா.

"விசாரிக்கவில்லைன்னு போட்டிருக்குது, சித்தப்பா."

"யாரு?"

"எழுதுனவரு. அந்தப் புள்ள எதிர்லதான் நின்னுருக்கும். அவருதான் கேக்கல."