ஒப்பீட்டுப் பள்ளி

ஆதாரம் இல்லாமல் அரசு எந்தக் கொள்கையும் வகுக்காது என்று கல்வி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் சொல்லும்போது, எதிரே இருப்பவர்களுக்கு எழுந்து நிற்கத் தோன்றும். அவ்வளவு கனத்த குரல். ஆதாரம் கிடைத்த பிறகும் வகுக்காது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நிறுவனம் இரண்டு பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வில் ஆதாரம் கிடைத்திருந்தது. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி ஆசிரியர் வைத்த பள்ளியில் எல்லோரும் கடகடவென்று வாசித்தார்கள். வைக்காத பள்ளியில் எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்த இரண்டாவதற்கு ஒப்பீட்டுப் பள்ளி என்று பெயர். ஆய்வைக் கவனித்துக்கொண்ட ஆய்வாளரின் அக்கா மகள் இதில்தான் படித்தாள்.

"எல்லாப் பள்ளிக்கும் ஆசிரியர் போடச் சொல்லிப் பரிந்துரை அனுப்பிடலாமா சார்?" என்றார் ஆய்வாளர்.

"ஆதாரம் இன்னும் பழுக்கணும். ஆய்வை இன்னும் மூணு வருஷம் நீட்டிக்க அமைச்சர் ஒத்துக்கிட்டார். அதுவரைக்கும் ஒப்பீட்டுப் பள்ளியில யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக்கூட மாத்தக் கூடாது."

சாயங்காலம் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடா, உங்க பெரியவர் மனசு இறங்கினாரா?"

"ஆதாரம் பழுக்கணுமாம்க்கா."

"பழுத்து அழுகட்டும். எங்க பிள்ளைங்க மட்டும் உப்புக்குச் சப்பாணியா? இவளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே மாத்தி விடுடா."

"மாத்தக் கூடாதுன்னு விதி."

"எந்த மகராசன் போட்டது?"

தம்பி செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். எழுதியது அவர்தான். கச்சிதமான விதி என்று இயக்குநர் தோளில் தட்டியிருந்தார்.

அடுத்த வாரம் வாசிப்புத் தேர்வு. அக்கா மகளின் எதிரில் அவரே உட்கார வேண்டியிருந்தது. அவள் முதல் சொல்லின் மேல் விரலை வைத்தாள். போன வருடம் இரண்டு வரி தாண்டிய விரல் இப்போது நகரவில்லை. காகிதத்தை விட்டுவிட்டு மாமாவின் முகத்தில் தேடினாள். அவர் குனிந்து சுழியம் போட்டார்.

இரண்டு பள்ளிகளின் மதிப்பெண் வரைபடத்தைப் பார்த்த இயக்குநர் பூரித்துப்போனார். "இடைவெளி எப்படிக் கூடியிருக்கு பாருங்க! இதைவிடச் சுத்தமான ஆதாரம் யாருக்குய்யா கிடைக்கும்?" அறையே கைதட்டியது. ஆய்வாளரும் தட்டினார்.

அன்று அக்கா அவரை வா என்றுகூடச் சொல்லவில்லை. மகள்தான் ஓடி வந்தாள்.

"மாமா, நான் நல்லாப் பண்ணேனா?"

"ரொம்ப நல்லா."

அலுவலகக் கணக்கில் அது பொய்யுமில்லை.

"அம்மா! மாமா ரொம்ப நல்லாப் பண்ணேன்னு சொல்லிட்டாரு!"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.