மிளகாய் வறுத்த மார்கழி

ராஜபாளையத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விடாமல் பெய்து, சுவரெல்லாம் ஊறிப்போய், அதற்குமேல் மார்கழிப் பனியும் மலைக்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது எங்கள் தெருவில் வந்து குடியிருந்து பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கும். துவைத்த துணி காயாது. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டால் சோற்றில்கூட ஈர வாடை அடிக்கும். இட்லி மாவு பொங்காமல் அப்படியே கிடக்கும். இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. எனக்கு வீசிங்.

சின்ன வயதிலிருந்தே உண்டு. சொல்லாமல்தான் கட்டிக்கொடுத்தார்கள். சொன்னால் எவன் கட்டுவான் என்பது எங்கள் வீட்டு நியாயம். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. வெயில் காலம் முழுக்க நான் நல்ல மருமகள். மாமியார் அழகுத்தாய் என்னைப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மெச்சிக்கொண்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். "எங்க பாண்டிசெல்வி கை பட்டா ரசங்கூட மணக்கும்" என்பார். மழை இறங்கியதும் எல்லாம் போயிற்று.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பரணைத் துடைக்கப் போய் மூச்சு அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் சிவபாண்டி பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே ஆட்டோ பிடித்து அத்தையும் வந்துவிட்டார். எத்தனை வருடமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். மூச்சு விடவே முடியாதபோது பொய் எங்கிருந்து வரும்? சின்னப் பிள்ளையிலிருந்து என்று சொல்லிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றிருந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மாமனார் மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை பார்த்து, தூசி நெஞ்சில் இறங்கி, வருடக்கணக்கில் இருமி இருமிச் செத்தவர். அவருக்கு நெஞ்சு தடவி, வெந்நீர் வைத்துக் கொடுத்தே அத்தையின் பாதி ஆயுள் போயிருக்கிறது. இது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் அப்பாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்குமோ என்னவோ.

மார்கழி பிறந்த அன்று அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே அத்தை என்னிடம் பேசினார்.

"உன் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல ஏட்டி. ஆனா இந்தச் சத்தத்த இன்னொரு தடவ இந்த வீட்டுக்குள்ள கேக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்க அப்பாகிட்ட பேசணும். இப்ப வேண்டாம், மார்கழி பொறந்துட்டு. இது போகட்டும்."

மார்கழியில் புது வீடு போகமாட்டார்கள், பெண் பார்க்கமாட்டார்கள், வீட்டுக்கு வந்த பெண்ணைச் சாமான் சட்டோடு படி இறக்கவும் மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே. ஆனாலும் நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். இந்த மாதம் முழுக்க அந்தச் சத்தம் அவர் காதில் விழாவிட்டால் தையில் பேசுவதற்கு என்ன இருக்கப் போகிறது? ஒரு பனிக்காலத்தைத் தாண்டிக் காட்டிவிட்டால் மிச்ச காலத்தையும் ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த குடித்தனத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். இன்ஹேலரை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மூச்சு இழுத்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் இருமி முடித்துவிட்டு வருவேன். "செத்த நேரத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய் தொட்டியே நிறைகிற அளவுக்கு நின்ற நாளும் உண்டு. வாசல் தெளிக்க விடியுமுன்னே எழுந்திருக்க வேண்டும். பனி நேரே நெஞ்சில் அடிக்கும். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கோயில் மைக்கில் பாட்டு ஓடி முடிவதற்குள் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே ஓடிவந்து வெந்நீர் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். விறகுப் புகையும் எனக்கு ஆகாது. குளிரா புகையா என்று பார்த்தால் புகையே தேவலை என்று இருக்கும்.

இதிலெல்லாம் பெரிய தந்திரம் மிளகாய்தான். வற்றல் மிளகாயை எண்ணெயில் போட்டு வறுத்தால் வீட்டில் இருக்கிற எல்லாரும் இருமத்தான் வேண்டும். அத்தை இருமுவார், வீட்டுக்காரர் இருமுவார், வாசலில் காய் விற்கிறவர்கூட இருமுவார். அந்தக் கூட்டத்துக்குள் என் இருமலையும் சேர்த்துவிடுவேன். காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் அந்த நேரத்தில் ஆசை தீர இருமுவேன். மிளகாய் நெடி என் நெஞ்சுக்கு விஷம் என்பது எனக்குத் தெரியும். அதற்காகப் பிறகு குளியலறையில் ரெண்டு தரம் கூடுதலாக மருந்தை இழுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் தினமும் ஏதாவது ஒரு துவையல். சிவபாண்டி மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார், "என்ன தெனமும் மொளகாயா வறுத்துத் தள்ளுதே?" குளிருக்கு நாக்கு கேட்கிறது என்று சொல்லி வைத்தேன். அவர் மில்லில் பிட்டர். மிஷினில் எந்த பேரிங் தேய்ந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறவர். என் நெஞ்சு போடுகிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை என்று நான் நம்பினேன்.

நம்புகிற மாதிரிதான் எல்லாம் நடந்தது. இட்லி மாவு பொங்கவில்லை என்று நான் தவித்தபோது அத்தையே தன்னுடைய பழைய கம்பளியை எடுத்துக் குண்டானைச் சுற்றிக் கட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் சூடாக இருக்கும் ஸ்டெபிலைசர்மேல் தூக்கி வைத்தார். மறுநாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. இட்லியைப் பிட்டுப் பார்த்துச் சிரித்தார். சந்தைக்குப் போய்விட்டு வந்த சிவபாண்டி பையிலிருந்து ஒரு குரங்குக் குல்லாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். காதை மூடிக்கொள்ளச் சொன்னார். வேண்டாத பெண்டாட்டிக்கு யாராவது குல்லா வாங்குவார்களா? அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். அசிங்கமாக இருந்தேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

தலைப்பொங்கல் சீர் பற்றித்தான் எனக்கு ஒரே கவலை. சுந்தரபாண்டியத்தில் அப்பா ஐயாதுரையின் வயல் மழையில் மூழ்கி அறுப்பு தள்ளிப்போய்விட்டது. புது நெல் அரிசி இல்லாமல் சீர் கொண்டுவரமாட்டேன் என்பது அவர் வீம்பு. பொங்கலுக்குள் முடியாது என்று போனில் அத்தையிடம் கெஞ்சினார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

"அதுக்கென்னண்ணே, பொங்க கழிச்சே வாங்க. மொத முகூர்த்த நாளுக்கு வாங்க. வாரப்ப கொஞ்சம் பெரிய வண்டியா கொண்டாங்க."

பெரிய வண்டி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய சீராக எதிர்பார்க்கிறார், அதைச் சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். சீர் கேட்கிற மாமியார் பெண்ணை வைத்துக்கொள்ளத்தானே கேட்பாள்?

பொங்கலன்று பால் பொங்கியபோது அத்தை என்னைத்தான் அரிசி போடச் சொன்னார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மார்கழி போய்விட்டது. அத்தை காதில் நான் ஒரு தரம்கூட இருமவில்லை. மிளகாய் நெடியைக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்று மத்தியானம் எனக்குப் பசித்த மாதிரி அந்த வீட்டில் என்றும் பசித்ததில்லை.

முகூர்த்த நாளன்று சிவபாண்டி லீவு போட்டிருந்தார். காலையிலேயே ஸ்பானரை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் போய்க் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். கட்டில் ஊறிப்போன சுவரை ஒட்டிக் கிடந்தது. அந்த ஈரம் என் மூச்சுக்கு ஆகாது, கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போட வேண்டும் என்று மழைக்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் காதில் விழுந்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தேன். கழற்றிய போல்ட்டு நட்டையெல்லாம் ஒரு கவரில் போட்டு, ஒன்றும் சிந்தாமல் முடிச்சுப் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டினார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையில் கவனமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் புதுக் கைக்குட்டை. பின்னால் புது அரிசி மூட்டை, வாழைத்தார், வெண்கலப் பானை, மஞ்சள் கொத்து. இந்த நாளில் எங்கே தேடிப் பிடித்தாரோ, ஒரு கட்டுக் கரும்பும் இருந்தது. தெருவில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா கூச்சத்தோடும் பெருமையோடும் ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்தார். அத்தை சந்தனம் குங்குமம் கொடுத்தார். சீரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினார். அப்பாவுக்குக் காப்பி கொடுத்தார். எல்லாம் முறையாக நடந்தது.

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும் அத்தை அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. பிள்ளைக்கு இருந்த நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது, தன் புருஷன் செத்த கதை எல்லாவற்றையும் சொன்னார். நகையும் சாமானும் ஒன்று குறையாமல் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். மற்றதைப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் கட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். என்னதான் மறைத்திருந்தாலும் மகள் இல்லையா? அவர் வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "மெத்தையும் ஏத்தணுமா தங்கச்சி?"

நான் அத்தையிடம் ஓடினேன். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? மார்கழி முழுக்க என் சத்தம் உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்டேன். ஒரு நாளாவது விழுந்ததா, சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழாயத் தெறந்து விட்டுட்டு உள்ள நிக்கது எனக்குத் தெரியாதா ஏட்டி? மொளகா வறுக்கதும் தெரியும். அவியளும் இப்படித்தான். இருமுனா மில்லுல நிப்பாட்டிருவாகன்னு வீட்டுக்குள்ளயும் தலையாணிய வாயில வச்சு அமுக்கிக்குவாவ. நான் தூங்குத மாதிரி சொவத்தப் பாத்துக் கெடப்பேன். மார்கழி பூராவும் திரும்ப அதே மாதிரி கெடந்தேன். எம் மவன் அப்படிக் கெடக்க வேண்டாம்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அது பொய்த் தண்ணீர் இல்லை. என்னை வெறுக்கிறவரிடம் என்றால் சண்டை போடலாம். எனக்கும் சேர்த்துப் பயப்படுகிறவரிடம் என்ன போடுவது?

சிவபாண்டியும் டிரைவரும் சேர்ந்து பீரோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாடி உடையக் கூடாதென்று சிவபாண்டி அதற்குப் போர்வை சுற்றியிருந்தார். கிரைண்டர் கல் உருளாமல் இருக்கச் சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தார். கயிறு போட்டுக் கட்டி, ஆட்டிப் பார்த்து, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவு அக்கறையாக என்னைப் பிரித்து, கட்டி, ஏற்றினார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அம்மா சொல்வதைத் தட்ட முடியவில்லை என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பாத்துப் போங்க, ரோடு மோசம்" என்று அப்பாவிடம்தான் சொன்னார்.

சீர் அங்கேயே இருந்துவிட்டது. உள்ளே வந்த சீரை வெளியே அனுப்பக் கூடாதாம். பெண்ணை அனுப்பலாம்.

வண்டியில் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பால்ச்சாமி வன்னியம்பட்டிக்காரர். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியது. அதற்குப் பிறகு ரெண்டு பக்கமும் வயல்வெளி. மலைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்து, இருமல் வந்தது. குழாய் இல்லை, மிளகாய் இல்லை, யாருக்காக அடக்குவது? குனிந்து உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி இருமினேன்.

பால்ச்சாமி வேகத்தைக் குறைத்தார். "பாப்பாவுக்கு வீசிங்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். அவருடைய சின்னம்மா மகளுக்கும் உண்டாம்.

"அதெல்லாம் இல்லப்பா" என்றார் அப்பா. "லேசா சளி. பனி ஒத்துக்கல, அம்புட்டுதான்."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டி டிரைவரை ஒரு தரம் பார்த்தார், அவர் நம்பிவிட்டாரா என்று. எனக்கு இருபத்தி மூன்று வயது. இந்தப் பார்வையோடு இன்னும் எத்தனை பேருக்கு முன்னால் என்னை உட்காரவைக்கப் போகிறாரோ. வீசிங்தான் என்று கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல மூச்சு வரவில்லை. அப்பா கைநீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.